கிணறு என்னுது, ரிப்போர்ட் கவர்மெண்ட்டுது

தை மாதம். ஒரு புதன்கிழமை காலை பத்து மணி. என் வீட்டுக் கிணற்றடியில் நின்றவர்கள் இவர்கள்.

தாம்பரத்து ஆபீஸிலிருந்து வந்த சார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார்.

அவரோடு வந்த பியூன். கையில் மரப்பெட்டி. பெட்டிக்குள் பாட்டில்கள்.

எதிர் வீட்டு டீச்சரம்மா. இதற்காகவே ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டிருந்தார்.

துலுக்காணம். இந்த ஊர்க்காரர். அவர் அப்பா காலம் வரை இங்கே நெல் போட்ட குடும்பம். இப்போது அதே நிலத்தை மனை போட்டு விற்கிறார்.

கன்னியம்மா. பின் தெரு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

அப்புறம் நான். ஆக ஆறு பேர்.

எதற்குக் கூடினோம்? என் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போக வந்திருந்தார்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் போர்டு எழுதுகிறவன். பெருங்களத்தூரில் வீடு. எங்கள் பக்கம் கிணறு இல்லாத வீடு குறைவு. ஆனால் தண்ணீர் இரண்டு ரகம் — உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. உப்பு, குளிக்கவும் துணிக்கும். நல்லது, குடிக்கவும் சோறு பொங்கவும். எங்கள் தெருவில் நல்ல தண்ணி என் கிணற்றில் மட்டும்தான். ஏன் அப்படி? எனக்குத் தெரியாது. வெட்டியவருக்கும் தெரியவில்லை.

அதனால் காலையிலும் சாயங்காலமும் என் கேட் திறந்தே கிடக்கும். குடத்தோடு வருவார்கள். பேசிக்கொண்டே இறைப்பார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு… யார் மருமகள் கோபித்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள்… எல்லாம் காதில் விழும். நான் பேச மாட்டேன். வராந்தாவில் உட்கார்ந்து போர்டு எழுதுவேன். கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பிள்ளை இல்லை. வீட்டில் வேறு குரல் கிடையாது. இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. விஷயம் புரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

சரி, சோதனை எதற்கு?

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி வந்தது. சாயமா, மருந்தா — உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பின்பக்கம் ஒரு கால்வாய் ஓடும். ஒரு நாள் ஊதாவாக ஓடும். ஒரு நாள் பச்சையாக ஓடும். டீச்சரம்மா மனு எழுதினார். தெருவே கையெழுத்துப் போட்டது. நானும் போட்டேன். ஏழு மாதம் கழித்து சார் வந்தார்.

தெருவில் மூன்று கிணறு எடுத்தார். என்னுடையது மூன்றாவது. பாட்டிலில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, மூன்று என்று எழுதி, பக்கத்தில் என் கதவு நம்பரைப் போட்டார்.

"இது என்ன தண்ணி?" என்று கேட்டார்.

"நல்ல தண்ணி சார்." கன்னியம்மா, துலுக்காணம், நான் — மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நல்லதா கெட்டதான்னு நாங்க சொல்லணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் அந்த வார்த்தைக்கு உப்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். இன்னொரு அர்த்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

"ரிசல்ட் எப்ப சார் வரும்?" — டீச்சரம்மா.

"பத்து நாள்."

"அது வரைக்கும் குடிக்கலாமா?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா."

"அப்ப குடிக்கக் கூடாதா?"

"அதையும் நான் சொல்ல முடியாது."

"அப்ப இன்னாதான் சார் சொல்லுவ நீ?" என்றார் துலுக்காணம்.

சார் பாட்டிலை மூடினார். பியூன் பெட்டியை மூடினார். போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். மறுநாள் பாதிப் பேர். நாலாம் நாள் இரண்டு பேர். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கை பம்ப் இருக்கிறது. அதற்கு நடக்க ஆரம்பித்தார்கள். சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு என் கேட்டைத் தாண்டிப் போவார்கள். யாருக்கும் என் மேல் கோபம் இல்லை. "ரிசல்ட் வரட்டும்ணா" என்பார்கள். நியாயம்தானே? நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கேட்டை மட்டும் திறந்தே வைத்திருந்தேன். ஒரு நாள் ஆடு ஒன்று உள்ளே வந்தது. பிரஷ் துடைக்கிற துணியை மென்றது. விரட்டவில்லை.

பத்து நாள், இருபது நாள் ஆனது. பஸ் ஏறித் தாம்பரம் போனேன்.

ஆபீஸ் வாசலில் ஒரு போர்டு. ‘அலுவல் இன்றி உள்ளே நுழையக் கூடாது.’ நான் எழுதியதுதான். எட்டு வருஷம் இருக்கும். ‘ழை’யில் கொம்பு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் உறுத்தும்.

எனக்கு அலுவல் இருந்தது. நுழைந்தேன்.

குமாஸ்தா ஒல்லியான மனிதர். கண்ணாடி. மேசையில் டிபன் பாக்ஸ்.

"என் கிணத்து ரிசல்ட் வேணும் சார்."

"எந்தக் கிணறு?"

"பெருங்களத்தூர். மூணாம் நம்பர் பாட்டில்."

ரிஜிஸ்டரைப் புரட்டினார். "வந்துடுச்சே."

"என்ன சார் போட்டிருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

"கிணறு என்னுது சார்."

"கிணறு உங்களுது. ரிப்போர்ட் கவர்மெண்ட்டுது."

அதட்டிச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

"யார்கிட்ட கேக்கணும் சார்?"

"மேல எழுதிக் கேளுங்க. பதில் வரும்."

"என்ன பதில் வரும்?"

"சொல்லக் கூடாதுன்னு வரும்."

டீச்சரம்மா எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பதில் வந்தது. குமாஸ்தா பொய் சொல்லவில்லை.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். பட்டாவோ, பென்ஷனோ, ரேஷன் கார்டோ… உங்களைப் பற்றி ஒரு காகிதம் எங்கோ ஒரு ஃபைல் கட்டுக்குள் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதில் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். குமாஸ்தா கடிதத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார். நகத்தில் நீல பெயிண்ட்.

"நீங்க ஆர்ட்டிஸ்டா?"

"ஆமா சார். போர்டு எழுதறேன். வாசல்ல இருக்கிறது நான் எழுதினதுதான்."

"அட! ரெகார்டு ரூம்ல அலமாரிக்கெல்லாம் நம்பர் எழுதணும். ஆள் தேடிட்டிருக்கேன். வர்றீங்களா?"

போனேன். கேள்வியோடு போனபோது பெஞ்ச்சில் உட்கார வைத்தார்கள். பிரஷ்ஷோடு போனபோது உள்ளேயே விட்டுவிட்டார்கள்!

ரெகார்டு ரூமில் ஜன்னல் இல்லை. தலை உயரத்துக்கு இரும்பு அலமாரிகள். காகித வாசனை. நூல் பிடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, ஒவ்வொரு கதவிலும் வெள்ளையில் நம்பர் எழுதினேன். பேச்சு கிடையாது. என் வீடு மாதிரியே இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் குமாஸ்தா ஒரு கட்டு ஃபைல் கொண்டுவந்தார். பக்கத்து மேசையில் வைத்தார்.

"ஆர்ட்டிஸ்ட், நான் சாப்பிட்டு வந்துடறேன். இதெல்லாம் வந்து உள்ளே அடுக்கறேன்."

மேலே இருந்த ஃபைலில் தமிழில் எழுதியிருந்தது — பெருங்களத்தூர்.

வேண்டுமென்றே வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா? இன்றைக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

திறந்தேன். முதல் தாள், இரண்டாம் தாள், மூன்றாம் தாள். மூன்று என்ற நம்பர். பக்கத்தில் என் கதவு நம்பர். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

நான் அஞ்சாவது வரை. இங்கிலீஷ் எழுத்தை வரையத் தெரியும். படிக்கத் தெரியாது. பொத்தேரியில் காலேஜ் வந்த பிறகு மெஸ், எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ் கடை என்று எத்தனையோ இங்கிலீஷ் போர்டு எழுதியிருக்கிறேன். கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அதைப் பார்த்து இரண்டடி உயரத்துக்கு வரைவேன். என்ன எழுதினேன் என்று அவர் சொன்னால்தான் தெரியும்.

தாள் முழுக்கக் கட்டம். கட்டத்துக்குள் எண்கள். எண் படிக்கத் தெரியும். ஆனால் எந்த எண் நல்லது? பெரிய எண் நல்லதா, சின்ன எண் நல்லதா? பரீட்சை மார்க் மாதிரியா, ஜுரம் மாதிரியா?

எல்லாவற்றையும் வரைய நேரம் இல்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு வரிதான் முடியும். எந்த வரி?

தாளின் தலையில், வலது பக்கம், சிவப்பில் ஒரு வரி இருந்தது. சுற்றிக் கட்டம். கொஞ்சம் சாய்வு. பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். என் தொழிலில் முக்கியமான சேதியைத்தான் சிவப்பில் எழுதுவோம். அதையும்விட முக்கியம் என்றால் கட்டம் கட்டுவோம். பெட்ரோல் பங்கில் சிவப்பு எது? ‘புகை பிடிக்காதே.’ டிரான்ஸ்ஃபார்மரில் சிவப்பு எது? ‘அபாயம்.’ நல்லதோ கெட்டதோ, தீர்ப்பு இதுதான்.

பெயிண்ட் கம்பெனி கலர் கார்டு ஒன்று பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தேன். பதினாறு எழுத்து. பிசிறு இல்லை. சாய்வுகூட அப்படியே.

குமாஸ்தா உள்ளே வந்தார். ஃபைலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா?"

பொய் வரவில்லை. "பாத்தேன் சார்."

"புரிஞ்சுதா?"

"இல்ல சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் புரியாது. நான் நம்பர் போட்டுக் கட்டி வெக்கிறவன். புரியறவர் லேப்ல இருக்கார். அவர் எழுதி அனுப்பிச்சதோட சரி. மேல இருக்கிறவர் கவரைத்தான் பாப்பார். கையெழுத்துப் போடுவார். திருப்பி இங்கதான் வரும்."

ஃபைலை நாடாவால் கட்டினார்.

சாயங்காலம் நேராக டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். துலுக்காணம் அங்கே மனைப் பத்திரம் ஒன்றைப் படித்துக் காட்டச் சொல்லி உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கார்டை நீட்டியதும் கை ஈரத்தோடு ஓடிவந்தாள்.

"இது எங்க இருந்ததுண்ணா?" என்றார் டீச்சரம்மா.

"என் கிணத்து ரிப்போர்ட்ல. சிவப்புல. கட்டம் கட்டி."

படித்தார். இன்னொரு தடவை படித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"நாட் டு பீ டிஸ்க்ளோஸ்டு."

"அப்படின்னா? விஷமா?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு அர்த்தம்ணா."

"தண்ணியப் பத்தி?"

"தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இது ரப்பர் ஸ்டாம்ப். எல்லாத் தாள்லயும் குத்துவாங்க." சிரிப்பு நின்றுவிட்டது. "சாரிண்ணா" என்றார்.

துலுக்காணம் கார்டை வாங்கிப் பார்த்தார். "எழுத்து மட்டும் சோக்கா கீதுப்பா. இத்தையே பெரிசா எழுதி உன் கெணத்து மேல மாட்டிடு."

கன்னியம்மா சிரிக்கவில்லை. "நல்ல தண்ணின்னா இன்னாத்துக்கு டீச்சரம்மா மறைக்கிறான்?"

"எதுவா இருந்தாலும் மறைப்பாங்க கன்னியம்மா. பழக்கம்."

"நம்ம வூட்ல நல்ல சேதின்னா மறைக்கிறமா? தெருவுல நின்னு கத்த மாட்டோம்?"

அவள் கேட்டதில் தப்பு என்ன?

அவ்வளவுதான். அந்த வாரத்தில் தெரு முடிவு கட்டிவிட்டது. கெட்ட தண்ணி. எந்த லேபும் சொல்லவில்லை. எந்த ஆபீஸரும் கையெழுத்துப் போடவில்லை. சொல்லாமல் விட்டதே தீர்ப்பாகிவிட்டது. கம்பெனியின் கால்வாய் பாட்டுக்கு ஊதாவும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் கேட்டுக்குத்தான் ஆள் வரவில்லை.

கார்டைக் காட்டின மறுநாளே ஆபீஸ் போயிருந்தேன். இந்த முறை முழுத் தாளையும் வரைந்துவிடுவது என்று பெரிய காகிதம் கொண்டு போனேன். ஃபைல் மேசையில் இல்லை. அலமாரி பூட்டியிருந்தது. சாவி மேலே இருக்கிறவரிடம். பூட்டின அலமாரி மேல் நம்பரை எழுதி முடித்துவிட்டு வந்தேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம். மத்தியான வெயில். கேட் திறந்த சத்தம் கேட்டது. ஆடு என்று நினைத்தேன்.

கன்னியம்மா. ஒரு குடம்.

"அண்ணா."

"சொல்லு."

"பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீது இல்ல? பாப்பா பொறந்து இருவது நாளாவுது. டேசன் வரைக்கும் போயி வரிசைல நின்னு தூக்கினு வர முடியல. இடுப்பு வுட்டுப்போச்சு."

குடத்தைக் கிணற்று மேடையில் வைத்தாள்.

"ரிசல்ட்டு கிசல்ட்டு எனக்கு வாணாம். நீ குடிக்கிற இல்ல? நீ சொல்லுண்ணா. நல்ல தண்ணியா?"

ஆமா என்று சொன்னால் போதும். ராட்டினம் சுற்றும். இறைத்துக்கொண்டே அவள் பேசுவாள். மகளைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி, நாலு வீட்டைப் பற்றி. நாளைக்கு இவளைப் பார்த்து இன்னொருத்தி வருவாள். ஒரு வாரத்தில் தெருவே வரும். எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று மாதமாக நான் அதைத்தான் குடிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்து இருபது நாள் இல்லை.

"தெரியாது கன்னியம்மா."

"தெரியாதா? உன் கெணறு தானே?"

"என் கெணறுதான்."

என் முகத்தையே பார்த்தாள். "ஒரு பொய்யாச்சும் சொல்றதுதானேண்ணா" என்றாள். திட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"குடத்தைக் குடு. டேசன்ல போயி நான் பிடிச்சாரேன்" என்றேன்.

"உனுக்கு இன்னா தலையெழுத்து. வுடு." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். பழக்கத்தில் சாத்தினாளா, வேண்டுமென்று சாத்தினாளா? அதுவும் தெரியாது.

சொன்னது சரியா என்று பல நாள் யோசித்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நானா? தெரிந்துகொள்ள வழி இருந்தும் பூட்டி வைத்தவர்கள் ஜம்மென்று இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் குடத்தோடு போய் நிற்பதில்லை.

இப்போது அக்கினி நட்சத்திரம். தெருவில் மற்ற கிணறுகளில் வாளி தரையில் உரசுகிறது. துலுக்காணம் லாரித் தண்ணீர் வாங்குகிறார். டீச்சரம்மா இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

என்னுடையது உறைக் கிணறு. சிமெண்ட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியது. தண்ணீர் இறங்க இறங்க உறைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும். ஊரே இறைத்துப் போன கோடைகளில், இதே மாதத்தில், பதிமூன்று உறை வரை தெரிந்திருக்கிறது. இப்போது நான் ஒருவன்தான் இறைக்கிறேன். ஒரு ஆள் எவ்வளவு குடிப்பான்?

நேற்று எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. வெளியே தெரிகிற உறைகளை எண்ணினேன்.

நான்கு.